சும்மா போய்வந்த ஊர்

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்குத்தான் வழி முழுதாகக் கிடைக்கும். ஓட்டுகிறவருக்குச் சாலையோடு சரி. குழி, குறுக்கே வரும் நாய், சொல்லாமல் நின்று ஆளேற்றும் ஜீப்னி என்று அவர் கண் தாரிலேயே கிடக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் வலப்பக்கமாக ஓட்டவேண்டும் என்பதால் ஆரம்ப மாதங்களில் என் கணவருக்கு அந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டியிருந்தது. எனக்கு அப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. செபு நகரத்திலிருந்து தெற்கே இறங்கும் கடற்கரைச் சாலையில், இடப்பக்கத்துக் கடல் நூற்றுச்சொச்சம் கிலோமீட்டருக்கு என்னுடையதாகவே இருந்தது.

2016இல் போய் 2021இல் திரும்பினோம். செபு ஐ.டி. பார்க்கில் அவருக்கு வேலை, லாஹுக் பகுதியில் வாடகை வீடு, கைமாறி வந்த ஒரு ஹோண்டா எக்ஸ்ஆர்எம் 125. விட்டுவிட்டு வந்தவற்றில் நல்ல வீடு உண்டு, நல்ல மனிதர்கள் உண்டு. ஆனால் புதுச்சேரிக்குத் திரும்பி இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னை விடாமல் தொந்தரவு செய்வது ஒரு கேள்விதான். சனிக்கிழமை காலையில் டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, “டுமகெட்டே போலாமா?” என்பார். “ம்” என்பேன். அவ்வளவுதான் ஏற்பாடு.

டுமகெட்டே, செபுவுக்குப் பக்கத்துத் தீவான நீக்ரோஸின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் சிறிய நகரம். நீக்ரோஸ் ஓரியண்டல் மாகாணத்தின் தலைநகர். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. செய்யவேண்டிய வேலை எதுவும் இல்லை. அதுதான் அந்தப் பயணத்தின் ருசி.

புதுச்சேரியில் கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் வண்டியில் போகாத ஊரா? கடலூரில் நிச்சயதார்த்தம், விழுப்புரத்தில் துக்கம், திருவந்திபுரத்தில் யாரோ ஒரு குழந்தைக்கு மொட்டை, ஜிப்மரில் படுத்திருக்கும் பெரியப்பா. ஒவ்வொரு தடவையும் வண்டியின் முன்னால் ஒரு பழப்பை தொங்கும். நம் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கிளம்பினால் அதற்கொரு காரணம் இருந்தாக வேண்டும். ஒரு வீட்டு வாசலில் நின்று “சும்மா வந்தோம்” என்று சொல்லிப் பாருங்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே போனதும் மெல்ல “என்ன விஷயம்?” என்பார்கள். காரணமே இல்லாமல் இருவரும் ஓர் ஊருக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஊர் டுமகெட்டே.

உட்காரும் விதமும் அங்கேதான் மாறியது. இங்கே ஒரு பக்கமாகக் கால் தொங்கவிட்டே பழகியவள் நான். சுடிதார் போட்டாலும் அப்படித்தான். அங்கே அறுபது வயதைத் தாண்டிய லோலாக்கள், அதாவது பாட்டிமார்கள், சந்தைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு ஹபால்-ஹபாலில் மலையேறிப் போவார்கள். ஹபால்-ஹபால் என்பது வாடகை மோட்டார் சைக்கிள். ஜீப்னி ஏறாத சரிவிலெல்லாம் அதுதான் ஏறும். அவர்களைப் பார்த்து நானும் பேண்ட் போட்டுக்கொண்டு கால் மாற்றிப் போட்டேன். ஒருக்களித்து உட்கார்ந்தால் உலகத்தில் ஒரு பாதிதான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

தலைக்கவசத்துக்குள் பேச்சு சரியாகக் கேட்காது. “என்னங்க!” என்று கத்துவேன். “என்னம்மா?” என்பார். அதற்குள் நான் காட்ட நினைத்தது பின்னால் போயிருக்கும். “ஒண்ணுமில்ல” என்பேன். மைல்கணக்கில் இதே உரையாடல்தான். வீட்டுக்குள் அருகருகே உட்கார்ந்து பேசிய எத்தனையோ பேச்சு மறந்துவிட்டது. இந்த “ஒண்ணுமில்ல” மறக்கவில்லை.

வழியைச் சொல்லியாக வேண்டும். தலிசாய், மிங்லனில்யா, சிமெண்ட் ஆலை இருக்கும் நாகா வரைக்கும் நெரிசல். கார்கார் வட்டத்துக்கு வந்ததும்தான் மூச்சு விடலாம். அங்கே சாலை பிரிந்து ஒன்று மேற்குக் கரைக்குப் போகும். நாங்கள் நேரே தெற்கே. கார்கார் சந்தையில் முழுப் பன்றியை வாட்டி எடைபோட்டு விற்கும் லெச்சோனுக்குக் கூட்டம் அம்மும். எனக்கு அங்கே கிடைக்கும் அம்பாவ் போதும். நம் பொரியைப் பாகில் பிடித்துச் சதுரமாக வெட்டியதுதான் அது. பெட்ரோல் பங்க் தென்படாத ஊர்களில் பெட்டிக்கடை வாசலில் கோக் பாட்டிலில் ஒரு லிட்டர், ஒரு லிட்டராகப் பெட்ரோலை ஊற்றி வரிசையாக வைத்திருப்பார்கள். வெயிலில் அது சிவப்பும் பச்சையுமாக மினுங்கும். பஞ்சர் கடைகளில் வல்கனைசிங் என்று பலகை தொங்கும். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் சின்ன வயதில் படித்த அதே பலகை. அதைப் பார்க்கும்போதெல்லாம் இனம்தெரியாத ஒரு தெம்பு வரும்.

அர்காவ், டலகெட்டே, அல்காய் தாண்டினால் பொல்ஹோன். இந்த ஊரில் நிற்காமல் நாங்கள் போனதில்லை. சாலையோரம் செங்குத்தான பாறை, எதிரே கடல், நடுவில் 1783இல் கட்டத் தொடங்கிய பவளக்கல் தேவாலயம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பங்குத் தந்தையாக இருந்த ஹூலியன் பெர்மெஹோ, தெற்குச் செபுவின் கரை நெடுகக் காவல் கோபுரங்களை எழுப்பினார். தெற்கிலிருந்து படகில் வந்து ஊர்களைச் சூறையாடி மனிதர்களைப் பிடித்துப் போகும் கூட்டத்தைக் கண்டதும், ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்துக்குச் செய்தி சொல்லும். இப்போது பல கோபுரங்கள் இடுப்பளவுக்கு இடிந்து, செடி முளைத்து நிற்கின்றன. எனக்கு இவ்வளவு சாந்தமாகத் தெரியும் இந்தக் கடலை இந்த மக்களின் பாட்டன்மார்கள் இரவெல்லாம் விழித்திருந்து பயத்தோடு பார்த்தார்கள் என்பதை அந்தக் கல்லைத் தொடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தேவாலயத்தின் பிரசங்க மேடைப் பலகைகள் சில 1980களில் காணாமல் போயின. 2024 பிப்ரவரியில் மணிலாவின் தேசிய அருங்காட்சியகம் நன்கொடையாகப் பெற்ற பலகைகளைப் பார்த்ததும் செபு மக்கள் அடையாளம் கண்டுகொண்டு, எங்களுடையவை, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். புதுச்சேரியில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தபோது என் வீட்டுப் பொருளைக் கேட்பது போலத்தான் நானும் பதைத்தேன்.

ஓஸ்லோப்பில் நாங்கள் நிற்பதில்லை. 2011 வாக்கில் இருந்து அங்கே திமிங்கலச் சுறாக்களுக்குக் கையால் இறால்குஞ்சைப் போட்டுக் கரையோரம் நிறுத்தி வைத்துப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். கடல் கடலாகப் போகவேண்டிய உயிரை இப்படி வாசலில் கட்டிவைப்பது எனக்கு ஒப்பவில்லை. அதனால் பிழைக்கும் மீனவக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன என்பதும் தெரியும். பேசாமல் கடந்து போய்விடுவோம்.

சாலை முடியும் இடம் சான்டாண்டர். அதன் லிலோவான் துறையில் வண்டியோடு கப்பலேறலாம். வண்டியின் பதிவுக் காகிதங்களான ஓஆர்-சிஆர் நகலைக் காட்டி, சீட்டு வாங்கி, காய்கறி லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு மேல்தளத்துக்கு ஓடுவோம். நடுவில் கிடப்பது தான்யோன் நீரிணையின் வாய். ஓங்கில்களுக்குப் பேர்போன அந்த நீரிணை 1998 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பு. கொஞ்ச நேரத்துக் கடப்புதான். ஆனால் நீரோட்டம் இழுக்கும் இழுப்பில் கப்பல் பக்கவாட்டில் நழுவி நழுவிப் போவது தெரியும். எதிரே கொம்பு முளைத்ததைப் போல நிற்கும் தலினிஸ் மலை, 1,900 மீட்டருக்கு மேல், எப்போதும் மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு. அக்கரை சிபுலானில் இறங்கினால் டுமகெட்டேக்குக் கால்மணி நேரம்கூட இல்லை.

போய் இறங்கியதும் என்ன செய்வோம்? ரிசால் பூலெவாருக்குப் போய் உட்காருவோம்.

நாட்டின் வீரரான ஹோசே ரிசால், டப்பிட்டானில் நாடுகடத்தப்பட்டு இருந்தவர், மணிலாவுக்குக் கப்பலில் போகும் வழியில் 1896 ஆகஸ்ட் முதல் தேதி இந்த ஊரில் இறங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பேர் தாங்கிய கடற்கரைச் சாலை அது. ஒரு பக்கம் பழைய சர்க்கரைப் பிரபுக்களின் மாளிகைகள், ஒரு பக்கம் தாழ்ந்த கற்சுவர், அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். சுவரில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எதுவும் வாங்க வேண்டாம். மாலையானால் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். குச்சியில் குத்தி எண்ணெயில் பொரித்த மீன்மாவுப் பண்டத்துக்குத் தெம்புரா என்று பெயர். இனிப்புக் காரக் குழம்பில் முக்கித் தின்ன வேண்டும். நர்ஸிங் மாணவிகள் சீருடையோடு வந்து உட்கார்ந்து பாடம் ஒப்பித்துக்கொள்வார்கள். வயதான தம்பதிகள் வீட்டிலிருந்தே பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவருவார்கள். தென்கிழக்கே கடலில் சிக்கிஹோர் தீவு நீலமாகக் கிடக்கும். ஒருவரும் எங்களிடம் எங்கிருந்து வந்தீர்கள் என்பதற்கு மேல் கேட்டதில்லை. இங்கே என்ன வேலை என்று கேட்டதே இல்லை. சாந்தமான மனிதர்களின் நகரம் என்று அந்த ஊர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பட்டத்தை நான் முழு மனதோடு வழிமொழிகிறேன்.

பூலெவாரின் வடக்கு முனையிலிருந்து சில்லிமன் பல்கலைக்கழகம். 1901இல் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் சிறுவர் பள்ளியாகத் தொடங்கியது. வளாகத்து அகேசியா மரங்கள், நம் தூங்குமூஞ்சி மரம்தான், ஒரு தெருவையே கூரைபோட்டு மூடும். அதன் நிழலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்போம். எடில்பெர்ட்டோ டியெம்போ, எடித் டியெம்போ என்ற எழுத்தாளர்களான கணவனும் மனைவியும் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1962இல் இங்கே இளம் எழுத்தாளர்களுக்கான பட்டறையைத் தொடங்கினார்கள். இன்றுவரை நடக்கிறது. மணிலாவை விட்டு இவ்வளவு தள்ளி இருக்கும் சிற்றூரில் இருந்துகொண்டு ஒரு நாட்டின் இலக்கியத்தை இரண்டு பேர் வளர்த்திருக்கிறார்கள் என்பது, சேர்ந்து வாழ்வது பற்றி எனக்கு நிறைய யோசனை தந்தது.

மறுநாள் விடிகாலை சந்தை. அங்கே பைனிதான் என்ற பகுதியில் பெஞ்சுகள் போட்டிருக்கும். வாழையிலையில் சுற்றி அவித்த புட்புட் வாங்க வேண்டும். ஒட்டரிசியில் செய்தது உண்டு. எனக்குப் பிடித்தது கபோகில் செய்தது. கபோக் என்பது நம் பனிவரகு. தேங்காய்ப்பாலில் வெந்து, இலை வாசத்தோடு, நுனிநாக்கில் நறநறக்கும். கூடவே சிக்வாத்தே. கொக்கோ விதையை வறுத்து அரைத்துத் தட்டிய வில்லையைக் கொதிநீரில் போட்டு மரமத்தால் கடைந்து, கெட்டியாக, லேசான கசப்போடு தருவார்கள். பழுத்த மாம்பழத்தைக் கன்னம் கன்னமாக அறுத்துப் பக்கத்தில் வைப்பார்கள். சூடு, குளிர்ச்சி, கசப்பு, தித்திப்பு என்று ஒரே வாயில் எல்லாம். என் கணவர் பேச்சு குறைந்தவர். அந்த பெஞ்சில் மட்டும் அவருக்கு வாய் திறக்கும். பள்ளிக்கூடத்துக் கதை, செத்துப்போன தம்பியின் கதை, என்னிடம் சொல்லாத கடன் ஒன்று, எல்லாம் எனக்கு அந்தச் சந்தையில்தான் தெரிய வந்தன. வீட்டில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். கேட்காததால் சொன்னார் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழிக்குச் சான் ரிவால் கடையில் சில்வானாஸ் ஒரு பெட்டி. முந்திரிப் பருப்பும் வெண்ணெயும் சேர்ந்த அந்தப் பண்டம் லிலோவான் போய்ச் சேர்வதற்குள் உருகிவிடும். அதனால் கப்பலிலேயே தின்றுவிடுவோம்.

2020 பிப்ரவரியில் போனதுதான் கடைசி. பிறகு ஊரடங்கு. தீவுக்குத் தீவு வாசல் அடைபட்டது. மோட்டார் சைக்கிளில் இருவர் போகக் கூடாது என்றார்கள். ஜூலையில் அதைத் தளர்த்தியபோது, கணவன் மனைவியோ ஒரே வீட்டில் வாழும் இணையரோ மட்டும் போகலாம், ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்றார்கள். அனுமதிக்கப்பட்ட மாதிரிகளில் ஒன்று பக்கத்துத் தீவான பொஹோலின் ஆளுநர் முன்வைத்தது. ஒரே பாயில் படுத்தெழும் இருவருக்கு நடுவே எதற்கு இந்தத் தகடு, காற்று பிடித்து வண்டியைச் சாய்த்துவிடுமே என்று நாடு முழுக்க வண்டிக்காரர்கள் முறையிட்டார்கள். தம்பதி என்பதற்கு அத்தாட்சியும் வேண்டும். குடும்பப்பெயர் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. நமக்கு ஏது குடும்பப்பெயர்? அவர் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர், என்னுடையதில் அவர் பெயர். புதுச்சேரியில் பதிந்த கல்யாணச் சான்றிதழை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொண்டோம்.

தகட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மருந்துக்கடைக்கும் அரிசிக்கும் போய்வந்த அந்த வாரங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அவர் முதுகு கண்ணெதிரே இருக்கிறது. தொட முடியவில்லை. “என்னங்க” என்றாலும் கேட்காது. ஆகஸ்ட் 19 அன்று ஒரே வீட்டில் வாழும் தம்பதிகளுக்குத் தடுப்பு தேவையில்லை என்று அறிவித்தார்கள். அன்று மாலையே அதைக் கழற்றிவிட்டு, போகவேண்டிய இடம் எதுவும் இல்லாமல் லாஹுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஊர் திரும்பினோம். எக்ஸ்ஆர்எம்மை புசாய் மலைக்காரர் ஒருவர் ஹபால்-ஹபால் ஓட்ட வாங்கிக்கொண்டார். வந்து சில மாதங்களிலேயே, பூலெவாருக்கு எதிரே கடலில் 174 ஹெக்டேரை மண்போட்டுத் தூர்த்துப் புது நகரம் எழுப்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. 2,300 கோடி பெசோவுக்கு மேல் மதிப்பு சொன்னார்கள். கடற்புற்களும் பவளமும் மீன் சரணாலயங்களும் இருக்கும் கரை அது.

இது எனக்கு வெளியூர்ச் செய்தி அல்ல. புதுச்சேரியில் பிறந்தவர்களுக்குக் கரையில் கைவைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 1980களின் கடைசியில் இங்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. ஊரின் கடற்கரை கரைந்து கருங்கல் குவியலானது. எங்கள் அம்மா ஓடி விளையாடிய மணலை நான் பார்த்ததில்லை. தண்ணீரில் கால் நனைக்காமல், பாறைக்கு இந்தப் பக்கம் நின்று கடல் பார்க்கவே என் தலைமுறை பழகியது. 2018இல் கடலுக்கடியில் ஓர் அமைப்பை இறக்கிய பிறகுதான் ஒரு துண்டு மணல் திரும்பி வந்தது. டுமகெட்டேக்கும் இதே கதி வரக்கூடாதே என்று அன்று நான் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

நல்லவேளை, அந்த ஊரில் கடலைப் படித்தவர்கள் இருந்தார்கள். சில்லிமனின் ஏஞ்சல் அல்காலா, 1980களிலேயே தெற்கே இருக்கும் ஆபோ தீவின் மீனவர்களோடு பேசிப் பேசி, கரையில் ஒரு பகுதியில் வலை வீசாமல் விட்டுவைக்கச் செய்தவர். விட்டுவைத்த இடத்தில் பெருகிய மீன் அக்கம்பக்கத்துக்கும் பரவியது. உலகமே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 2014இல் அவரைத் தேசிய விஞ்ஞானி என்று நாடு கௌரவித்தது. 2023இல் மறைந்தார். அப்படிப்பட்டவர்கள் வளர்த்த ஊர் சும்மா இருக்குமா? பல்கலைக்கழகம் எதிர்த்தது, மாணவர்கள் எதிர்த்தார்கள், எங்களோடு சுவரில் உட்கார்ந்திருந்த முகங்களைப் போன்ற முகங்கள் பதாகையோடு நின்றன. அந்த 174 ஹெக்டேர் நகரம் எழும்பவில்லை. ஆனால் சுவருக்கு அப்பால் பந்தாவான் என்ற பெயரில் ஒரு கான்கிரீட் திடல் கடலுக்குள் நீண்டிருக்கிறது. படங்களில் பிள்ளைகள் அதில் ஓடியாடுகிறார்கள். அவர்கள் சந்தோஷத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து இப்போது தண்ணீர் எவ்வளவு தள்ளிப் போயிருக்கும் என்று மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

2025 ஜூன் முதல் இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் பிலிப்பைன்ஸ் போய்வரலாம். செய்தியை அவர்தான் முதலில் படித்தார். “நம்ம லைசென்ஸே அங்க 90 நாள் செல்லும், தெரியும்ல?” என்றார். வண்டிக்கு என்ன செய்வது என்றேன். ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும் என்றார். ஸ்கூட்டர் வேண்டாம், எக்ஸ்ஆர்எம் வேண்டும் என்றேன். அதுவும் கிடைக்கும் என்றார். செபுவில் விடிகாலை கிளம்பினால் நாகா வரைக்குமான நெரிசலுக்கு முன்னால் தப்பிவிடலாம், பொல்ஹோனில் அரைமணி நேரம், மதியத்துக்குள் லிலோவான் என்று கணக்கும் போட்டுவிட்டோம். மாம்பழம் வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதத்தில் போக வேண்டும். ஏப்ரலில் அவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்காதாம், டிசம்பரில் போகலாம் என்கிறார். சிக்வாத்தேயை மாம்பழம் இல்லாமல் குடிக்க நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். லீவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.